அம்மா நேர்ந்துவைத்த மேப்பிள் மரம்

1996ஆம் ஆண்டு கோடைகாலம். ஸ்காபரோவின் வடகிழக்கு மூலையில், ரூஜ் ஆற்றை ஒட்டிய பொதுக் காட்டில் எனக்கு நடந்த சம்பவம் இது. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. கனடாவுக்கு வந்து நாலு வருடம். மல்வேர்னில் ஒரு அடுக்குமாடியின் ஏழாவது மாடியில் அப்பா, அம்மா, நான் என மூன்று பேர் குடியிருந்தோம்.

பன்னிரண்டாம் வகுப்பையும் அதற்கு மேல் ஒரு வருடத்தையும் முடித்துவிட்டு, செப்டெம்பரில் பல்கலைக்கழகம் போகக் காத்திருந்த நேரம். என்னோடு படித்த பெண்கள் எல்லோரும் கோடை விடுமுறைக்கு டோனட் கடையிலும் துணிக்கடையிலும் வேலை எடுத்துவிட்டார்கள். நான் சோம்பேறித்தனத்தால் பிந்திப் போனேன். பள்ளிக்கூட அறிவிப்புப் பலகையில் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு தாள்தான்: இளைஞர்களுக்கான காட்டுப் பராமரிப்பு வேலை, ஜூன் முதல் ஓகஸ்ட் வரை. நேர்முகத்தில் இருபது கிலோ தூக்குவாயா என்று கேட்டார்கள். லிஃப்ட் பழுதான நாட்களில் அரிசி மூட்டையைத் தோளில் வைத்து ஏழு மாடி ஏறியிருக்கிறேன் என்று சொன்னேன். சிரித்துவிட்டு வேலையைத் தந்துவிட்டார்கள்.

வீட்டில்தான் பிரச்சினை. இரும்பு மூக்கு வைத்த சப்பாத்து, மஞ்சள் ஹெல்மெற், பளபளக்கும் மேற்சட்டை எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் போய் நின்றேன். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நாலு வருசமா வெயில் படாமல் வளர்த்த பிள்ளை. மூண்டு மாசத்தில கரிக்கட்டையா வரப்போறாய். அதுசரி, அந்தக் காட்டுக்குள்ள நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

"காட்டைப் பாதுகாக்கிறது அம்மா."

"அப்ப நல்ல வேலைதான். பச்சை மரத்தில மட்டும் கை வைச்சிடாதை. அண்ணை வந்து சேருமட்டும் எங்களுக்கு ஒரு பாவமும் வேண்டாம்."

அண்ணாவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பா முதலில் வந்து எங்களை ஸ்பொன்சர் செய்தபோது அண்ணாவுக்கு வயது கூடிவிட்டது. படிவத்தில் அவனுக்கு இடமில்லை. அந்த வருடத் தொடக்கத்தில் அவன் கொழும்பிலிருந்து, ஆட்களைக் கள்ளமாகக் கனடாவுக்கு அனுப்பும் ஒரு ஏஜென்சிக்காரனை நம்பிப் புறப்பட்டான். ஏப்ரல் மாதம் மொஸ்கோவிலிருந்து ஒரு தரம் கதைத்தான். "குளிராக் கிடக்கு, நல்லாச் சாப்பிடுறன்" என்றான். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. ஏஜென்சிக்காரனின் தொலைபேசியும் வேலை செய்யவில்லை. எங்கள் வீட்டுத் தொலைபேசியில் ஒருவரும் ஐந்து நிமிடத்துக்கு மேல் கதைக்கக் கூடாது என்பது சட்டம். மணி அடித்தால் மூன்று பேரும் மூன்று அறையிலிருந்து ஓடிவருவோம். அது பெரும்பாலும் கம்பளம் கழுவ ஆள் வேண்டுமா என்று கேட்கிறவர்களாகத்தான் இருக்கும்.

வேலை எனக்குப் பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால் முதல் கிழமை அழுதேன். நுளம்புகள் என்னைத் தேடி வந்து கடித்தன. இரண்டாம் கிழமை கை காய்த்துப்போனது. மூன்றாம் கிழமை மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு விசிலடித்தபடி நடந்தேன். எங்கள் குழுவில் ஆறு பேர். நான் மட்டும் தமிழ். நடைபாதைக்கு மரச்சிப்ஸ் கொட்டுவோம், சேற்றில் பலகைப் பாலம் போடுவோம், மரக்கன்று நடுவோம். மதியம் மற்றவர்கள் காய்ந்த சான்விச்சைக் கடிக்கும்போது நான் புட்டும் முட்டைப்பொரியலும் திறப்பேன். இரண்டாவது கிழமையிலிருந்து அம்மா ஆறு பேருக்கும் சேர்த்து அவிக்கத் தொடங்கிவிட்டார்.

எங்கள் சுப்பர்வைசர் வட ஒன்ராறியோவிலிருந்து வந்த ஒரு பெண். முப்பது வயது இருக்கும். அதிகம் பேசமாட்டார், ஆனால் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தே அதற்குள் உளுத்துவிட்டதா இல்லையா என்று சொல்லிவிடுவார். நடைபாதையின் மேல் சாய்ந்து நிற்கும் பட்டுப்போன மரங்கள் ஆட்களின் தலையில் விழுந்துவிடக் கூடாதென்று, அவற்றைக் கண்டுபிடித்துச் செம்மஞ்சள் நிற ரிப்பன் கட்டுவது அந்தக் கோடையின் முக்கியமான வேலை. செம்மஞ்சள் ரிப்பன் என்றால் வெட்ட வேண்டிய மரம். பிறகு ஒரு நாள் மரம் அறுக்கிறவர் வந்து, ரிப்பனைப் பார்த்து ஒவ்வொன்றாக விழுத்துவார்.

எனக்கு ரிப்பன் கட்டும் பொறுப்புக் கிடைத்தது. முதலில் சுப்பர்வைசர் மரத்தைக் காட்ட நான் கட்டினேன். என் வேலை சுத்தமாக இருந்ததால், கடைசித் துண்டுப் பாதையை என்னிடமே விட்டுவிட்டார். ஒவ்வொரு மரத்தையும் கொப்பியில் எழுதிக்கொள்ளும்படி சொன்னார். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது. முதல் ஆறு மரங்களைக் கொப்பியில் ஒழுங்காக எழுதினேன். அதற்குப் பிறகு சதுப்புப் பக்கம் நுளம்பு மொய்த்தது. மிச்சத்தைப் பிறகு எழுதலாம் என்று ரிப்பனை மட்டும் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். பிறகு எழுதவேயில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா, நான் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்று நின்றார். பஸ் எடுத்துப் போனோம். அம்மா சேலைக்குக் கீழே ஸ்னீக்கர்ஸ் போட்டுக்கொண்டு, நான் போட்ட பாலத்தில் இரண்டு தரம் ஏறி இறங்கினார். "ஆடேல்லை" என்று சான்றிதழும் தந்தார். பிறகு ரிப்பன்கள் அவர் கண்ணில் பட்டன.

"உந்த மரங்களுக்கு ஏன் பிள்ளை ரிப்பன் கட்டிக் கிடக்கு?"

வெட்டப் போகிறோம் என்று சொல்ல வாய் வரவில்லை. பச்சை மரம், பாவம், அண்ணா என்று தொடங்கினால் வேலையையே விடச் சொல்லுவார் என்று பயம். அதனால் ஒரு கணத்தில் ஒரு பொய்யைத் தயார் செய்தேன்.

"அது விசேஷமான மரங்கள் அம்மா."

"ஆர் கட்டினது?"

"நான்தான்."

"என்ன விசேஷம்?"

"அது உங்களுக்கு விளங்காது அம்மா, வாங்கோ பஸ் வந்திடும்."

அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

இரண்டு கிழமைகள் கழிந்தன. ஒரு வெள்ளிக்கிழமை மரம் அறுக்கிறவர் வந்தார். அகன்ற தோளும் நரைத்த தாடியும் உள்ள மனிதர். காதில் பெரிய காதுமூடி. சுப்பர்வைசரும் மற்றவர்களும் பாதையின் இரண்டு பக்கமும் ஆட்கள் வராமல் மறித்து நிற்க, மரங்களைக் காட்டுவதற்கு என்னை அவரோடு விட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. முதல் மரம், இரண்டாவது மரம் என்று ஒவ்வொன்றாகச் சரிந்தன. சதுப்பைத் தாண்டி மேட்டில் ஏறினோம். அங்கே ஒரு பெரிய மேப்பிள் மரம் நின்றது. இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத அடிமரம். அதிலும் செம்மஞ்சள் ரிப்பன்.

அவர் அண்ணாந்து பார்த்தார். இலைகள் பச்சையாக, அடர்த்தியாக இருந்தன. இதுவுமா என்று கேட்டார்.

நான் கொப்பியைத் திறந்தேன். ஆறாவது மரத்தோடு எழுத்து நின்றுபோயிருந்தது. இந்த மரத்துக்குக் கட்டினேனா? ஞாபகம் வரவில்லை. ஆனால் ரிப்பன் என்னுடையதுதான். அந்த நிறம், அந்த அகலம். நுளம்புக்குப் பயந்து ஓடிய அவசரத்தில் கட்டியிருப்பேன். அடியில் எங்கேயாவது உளுத்திருக்கும், அதைப் பார்த்துத்தான் கட்டியிருப்பேன் என்று எனக்கு நானே சொன்னேன். "தெரியாது, ஒருதரம் கேட்டுவிட்டு வருகிறேன்" என்று சொல்ல இரண்டு விநாடி போதும். ஆனால் அப்படிச் சொன்னால் கொப்பியைக் காட்ட வேண்டிவரும். ஆகவே தலையை நிமிர்த்தி, ஓம் இதுவும்தான் என்றேன்.

நான் இரண்டு மர உயரம் தள்ளிப் போய் நிற்க வேண்டும் என்பது விதி. மேட்டைச் சுற்றி நடந்து, மரத்துக்கு அந்தப் பக்கம் மேட்டு உச்சியில் நின்று திரும்பிப் பார்த்தேன். மெஷின் உறுமத் தொடங்கியது.

அப்போதுதான் அதைக் கண்டேன். ரிப்பனின் முடிச்சுக்குக் கீழே, மரத்தின் பின்பக்கம், ஒரு துணி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மஞ்சள் துணி. அந்த மஞ்சளை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. வெள்ளைத் துணியை மஞ்சள் தண்ணீரில் தோய்த்து, பல்கனியில் காயப்போட்டால் வரும் மஞ்சள் அது. அம்மா!

எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. விசேஷமான மரங்கள் என்று நான் சொன்னேன். மரத்தில் துணி கட்டியிருந்தால் அதற்கு எங்கள் ஆட்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்: யாரோ நேர்ந்து கட்டியிருக்கிறார்கள். இந்த நாட்டுச் சனமும் நேருகிறார்கள் என்று அம்மா முடிவெடுத்துவிட்டார். அண்ணாவுக்காகக் கட்டியிருக்கிறார்.

"நிப்பாட்டுங்கோ!" என்று கத்தினேன். தமிழில்தான் கத்தினேன். இங்கிலீஷில் கத்தியிருந்தாலும் கேட்டிருக்காது, காதுமூடி போட்டிருந்தார். மெஷின் பட்டைக்குள் இறங்கிவிட்டது. வெள்ளைத் தூள் பறந்தது. அறுக்கிறவருக்குக் கிட்ட ஓடக் கூடாது என்று முதல் நாளே தலையில் அடித்துச் சொல்லித் தந்திருந்தார்கள். அதுவும் ஞாபகம் வந்தது. கையில் ஒன்றும் இல்லை. தலையில் ஹெல்மெற் இருந்தது. கழற்றி, பள்ளிக்கூடத்தில் எறிபந்தில் ஒரு நாளும் குறி தப்பாமல் எறிந்ததே இல்லாத நான், உயிரைக் கொடுத்து எறிந்தேன். அது மேட்டில் உருண்டு உருண்டு போய் அவருடைய சப்பாத்தில் இடித்தது.

மெஷின் நின்றது. அவர் திரும்பிப் பார்த்துச் சொன்ன சொல்லை இங்கே எழுத முடியாது.

ரேடியோவில் கூப்பிட்டார். சுப்பர்வைசர் மூச்சிரைக்க ஓடி வந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துணியைக் கிட்டப் போய்ப் பார்த்தபோது இன்னும் கூடியது. மஞ்சளுக்குள் சின்னச் சின்ன நீலப்பூ தெரிந்தது. என் பழைய தலையணை உறை! அதைக் கிழித்திருக்கிறார். அதற்கு மேலே அம்மா என் பையிலிருந்து வெட்டி எடுத்துத் தானே கட்டிய செம்மஞ்சள் ரிப்பன். ஊரோடு ஒத்துப்போக வேண்டுமாம், எங்கள் துணிக்கு மேல் இந்த நாட்டுத் துணியும் சேர்த்து ஒரு கட்டு.

விக்கி விக்கி முழுவதையும் சொன்னேன். அம்மாவுக்குச் சொன்ன பொய், எழுதாத கொப்பி, தெரியாமலே ஓம் என்றது, எல்லாவற்றையும். கூடப் பிறந்தவன் எங்கே இருக்கிறான் என்று மூன்று மாதமாகத் தெரியாது என்பதையும் சொன்னேன். அம்மாவின் மூடநம்பிக்கைக்கு மன்னிக்க வேண்டும் என்றும் சொன்னேன். அந்தக் கடைசி வசனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் காது சுடும்.

சுப்பர்வைசர் மரத்தைச் சுற்றி வந்தார். தட்டினார். வெட்டுக்குள் விரலை விட்டு அளந்தார். நாலு விரல் ஆழம். நல்ல திடமான மரம், தன் காயத்தைத் தானே மூடிக்கொள்ளும் என்றார். பிறகு சட்டைப்பையிலிருந்து கத்தியை எடுத்து, செம்மஞ்சள் ரிப்பனை மட்டும் மெதுவாக வெட்டி எடுத்தார். மஞ்சள் துணியில் கத்தி படாமல் ஒரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டார். அதை யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். திரும்பி ட்ரக்கில் போகும்போது அவர் சொன்னது இவ்வளவுதான்: "தெரியாது என்று சொல்வதற்கும் சேர்த்துத்தான் உனக்குச் சம்பளம். இன்று ஒரு மரம். நாளைக்கு அது ஒரு ஆளாக இருக்கும்." அந்த ரிப்பன் மரங்களை எல்லாம் மறுபடி சரிபார்த்து எழுதித் தர வேண்டும் என்றார். அதோடு இன்னொரு தண்டனையும் தந்தார். செம்மஞ்சள் ரிப்பனுக்கு என்ன அர்த்தம் என்பதை அம்மாவுக்கு நானே சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை அம்மாவைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்.

முதல் தண்டனை எனக்குத் தூசு. இரண்டாவதுதான் உண்மையான தண்டனை. நேர்ந்து கட்டிய மரத்தை மெஷினால் வெட்டினார்கள் என்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? அண்ணாவுக்கு ஏதோ நடந்துவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார். ஏற்கெனவே அவர் சாப்பாடு பாதி, நித்திரை பாதி. இதைக் கேட்டால் அந்தப் பாதியும் போய்விடும்.

சனிக்கிழமை காலை அம்மா குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "அம்மா, அந்த விசேஷ மரம் எண்டு சொன்னது பொய்" என்று தொடங்கி, மூச்சு விடாமல் கடைசிவரை சொல்லி முடித்தேன். அம்மா கத்தியைக் கீழே வைத்தார். அடுப்பை நிப்பாட்டினார். கதிரையை இழுத்து உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"வெட்டினது எவ்வளவு ஆழம்?"

"நாலு விரல்."

"மரம் நிக்குதோ?"

"நிக்குது அம்மா. சாகாது எண்டு சொன்னவா."

அம்மா எழும்பிப் போய் அடுப்பை மறுபடி மூட்டினார்.

"அப்ப சரி. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. அவனுக்கு வர இருந்தது மரத்தோட போட்டுது."

எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு இரவு முழுவதும் நான் செத்துச் செத்துப் பிழைத்த விஷயத்தை அம்மா ஒரே வசனத்தில் முடித்துவிட்டார்.

"அப்ப மற்ற மரங்களை வெட்டினது? அது பாவம் இல்லையோ?" என்று கேட்டேன்.

"அது பட்ட மரமெல்லோ? பட்ட மரத்தை வெட்டாமல் விட்டு ஆரின்ரையும் தலையில விழுத்தவோ? ஊரில வீட்டுப் பக்கம் சரிஞ்ச தென்னையை அப்பா வெட்டேல்லையே? நான் சொன்னது பச்சை மரத்தை." கத்தியை மறுபடி கையில் எடுத்தார். "அண்டைக்கே உதைச் சொல்லியிருந்தா நான் ரிப்பனை விட்டிட்டுத் துணியை மட்டும் கட்டியிருப்பன். எனக்கு விளங்காது எண்டு நீயாத்தானே முடிவெடுத்தனீ?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. வெங்காயம் வெட்டிக்கொண்டே சொன்னார். அதனால்தான் அது எனக்கு இன்னும் ஆழமாகப் பட்டது. மரத்தில் விழுந்தது நாலு விரல். எனக்கு விழுந்ததை அளந்து பார்க்கவில்லை.

திங்கட்கிழமை அம்மா தனியாக வரவில்லை. எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருந்த அன்ரியும் வந்தார். கையில் ஒரு பெரிய பெட்டி நிறைய மட்டன் ரோல்ஸ். சுப்பர்வைசருக்கு அம்மா இரண்டு கையாலும் பெட்டியைக் கொடுத்தார். அவர் மேப்பிள் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போய், அடிமரம், வேர், இலை எல்லாவற்றையும் காட்டி விளக்கினார். நான் நடுவில் நின்று தமிழாக்கம் செய்தேன். இந்த முறை ஒரு சொல்லையும் விழுங்கவில்லை.

அம்மா கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். அரைத்த மஞ்சள். காயத்துக்குப் பூச வேண்டுமாம். மரத்தின் காயத்துக்கு ஒன்றும் பூசத் தேவையில்லை, அது தானாக ஆறும் என்று சுப்பர்வைசர் சொன்னார். நான் அதையும் அப்படியே சொன்னேன்.

"ஓம் ஓம், ஆறட்டும். நான் ஒருக்காப் பூசினா ஆறாமல் விடுமோ எண்டு கேள்" என்றார் அம்மா.

கேட்டேன். சுப்பர்வைசர் தலையைச் சொறிந்தார். பிறகு, கொஞ்சமாகப் பூசட்டும் என்று விட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அன்ரி மெல்ல என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பிள்ளை, அப்ப என்ர மரம் எங்க?"

"உங்கட மரமோ?"

"நானும் அம்மாவோட வந்து கட்டினனான். மகளின்ர கலியாணத்துக்கு. அந்தச் சதுப்புக்குப் பக்கத்தில, ஏற்கெனவே ரிப்பன் கட்டிக் கிடந்த மரம். அதுக்கு நல்ல ராசி எண்டு நினைச்சு ஒரு சிவப்பு நூல் கட்டினன்."

சதுப்புப் பக்கம் எல்லோரும் போய்ப் பார்த்தோம். அங்கே அன்ரியின் ராசியான மரம் நாலு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் சிவப்பு நூல் அப்படியே இருந்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். அன்ரியின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று நான் ரோல்ஸ் பெட்டியைப் பார்த்தேன். நடந்ததைச் சுப்பர்வைசருக்குச் சொன்னதும் அவர் பெரிதாகச் சிரித்துவிட்டார். அவர் சிரித்ததும் அன்ரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. "பட்ட மரத்திலயா கொண்டுபோய்க் கட்டினன், என்ர புத்தியை!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ட்ரக்கிலிருந்து ஒரு மேப்பிள் கன்றை எடுத்து வந்து, அதே இடத்தில் அன்ரியின் கையாலேயே நடுவித்தோம். அடுத்த வருடம் அன்ரியின் மகள் தானாகவே ஒருவரைப் பார்த்துக்கொண்டாள். அன்ரி அந்தக் கன்றைத்தான் இன்றுவரை குற்றம் சொல்லுகிறார்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் சுப்பர்வைசர் நிறங்களின் பட்டியலை மறுபடி வாசித்தார். செம்மஞ்சள் என்றால் வெட்ட வேண்டியது. நீலம் என்றால் புதிய பாதை. கடைசியில் என்னைப் பார்த்துக் கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்: "மஞ்சள் துணி என்றால் ஒருவரும் தொடக் கூடாது. முதலில் இவளுடைய அம்மாவைக் கேட்க வேண்டும்." அந்தக் கோடை முடியும்வரை அது எங்கள் குழுவின் உண்மையான சட்டமாகவே இருந்தது. மரம் அறுக்கிறவர்கூட அடுத்த முறை வந்தபோது ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வந்து பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் மெஷினைத் தொட்டார். இடையில் என்னைப் பார்த்து, ஹெல்மெற்றைக் கழற்றாதே என்று சைகையும் காட்டினார்.

செப்டெம்பர் நடுப்பகுதியில் ஒரு காலை, நான் பல்கலைக்கழகம் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கம்பளம் கழுவுகிறவர்கள் என்றுதான் நானே சலித்துக்கொண்டு எடுத்தேன். "நான் மொன்றியல் எயர்போர்ட்டில நிக்கிறன், அம்மாட்டக் குடு" என்றது ஒரு குரல். தொலைபேசியை அம்மாவின் கையில் திணித்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்து அழுதேன். அப்பா பல் விளக்கிய வாயோடு வந்து நின்று அழுதார். அம்மா அழவில்லை. "சாப்பிட்டியோ?" என்று கேட்டார்.

மரம்தான் அண்ணாவைக் கொண்டுவந்தது என்பது அம்மாவின் கட்சி. ஏஜென்சிக்காரனுக்குக் கடைசியில் மனம் இரங்கியது என்பது அப்பாவின் கட்சி. மூன்று மாதம் ஒரு வீட்டில் பதினொரு பேரோடு பூட்டி வைத்திருந்தார்கள் என்று மட்டும் அண்ணா சொன்னான். மிச்சத்தைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஒக்டோபரில் இலைகள் சிவந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நேர்த்திக்கடனை நிறைவேற்ற அவனைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். அம்மா மரத்தடியில் தேங்காய் உடைத்தார். அண்ணா மஞ்சள் பூசிய வெட்டைத் தடவிப் பார்த்தான்.

"எனக்காக நேர்ந்த மரத்தை அறுக்கப் பாத்தது ஆர்?" என்று கேட்டான்.

"நான்தான்" என்றேன்.

"நினைச்சன்" என்றான். நாலு வருடத்துக்குப் பிறகு நேரில் அவன் என்னைக் கிண்டலடித்த முதல் வசனம் அது. அந்த ஒரு சொல்லுக்காக இன்னும் நாலு ஹெல்மெற் எறியலாம் போல இருந்தது.

அந்தக் காடு இன்றும் இருக்கிறது. மேப்பிளும் நிற்கிறது. வெட்டு விழுந்த இடத்தில் பட்டை இரண்டு பக்கமும் தடித்து வந்து மூடிக்கொண்டுவிட்டது. தெரிந்தவர்கள் தேடினால்தான் தெரியும். எனக்கு இப்போது இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு மகள் இருக்கிறாள். போன வருடம் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் ஏதோ பிரச்சினை. என்னவென்று கேட்டேன். "அம்மா, உங்களுக்கு விளங்காது, லீவ் இற்" என்றாள். அப்படியே என் குரல். கோபம் வரவில்லை, சிரிப்புத்தான் வந்தது. காரில் ஏற்றிக்கொண்டு நேரே அந்த மரத்தடிக்குப் போய், நான் சொன்ன பொய்யிலிருந்து எறிந்த ஹெல்மெற்வரை ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் அந்தத் தழும்பைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் கையை வைத்தாள். பிறகு தன் பிரச்சினையைச் சொல்லத் தொடங்கினாள். எனக்குப் பாதிதான் விளங்கியது. மிச்சப் பாதியை, "தெரியாது, விளங்கச் சொல்லு" என்று வெட்கமில்லாமல் கேட்டேன். தெரியாது என்ற அந்த ஒரு சொல்லைச் சொல்ல அன்று எனக்கு வாய் வந்திருந்தால் அந்த மரத்தில் தழும்பே இருந்திருக்காது.